பழைய லேண்ட் ரோவரைப் பற்றித் தாப்பாவில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்ணெய் நிலையத்தில் நிறுத்தினால் ஒருவர், பசியாறக் கடை வாசலில் நிறுத்தினால் இரண்டு பேர், கோயில் திருவிழா என்றால் ஒரு கூட்டமே வண்டியைச் சுற்றி வந்துவிடும். எல்லாருக்கும் வருவது ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். நின்ற நிலையில் அவசரமாகச் சொல்லும் பதில் எனக்கே போதவில்லை, அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். என் வண்டி 1974இல் பதிவான சீரிஸ் 3, முன் பின் அச்சுகளுக்கு நடுவே 88 அங்குலம் உள்ள குட்டை வகை, பெட்ரோல் இன்ஜின். முன்பு தோட்டத்து வண்டியாக இருந்தது, பதினொரு வருடமாக என்னிடம் இருக்கிறது.

அண்ணே, இந்தப் பழைய வண்டியில அப்படி என்னதான் இருக்கு?

பானட்டைத் திறந்து பாருங்கள், இன்ஜினுக்கு இரு பக்கமும் கீழே தரை தெரியும். கார்பரேட்டர் எங்கே, பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் எங்கே, எந்தக் குழாய் எங்கிருந்து எங்கே போகிறது என்று பத்து வயதுப் பிள்ளைகூட விரலால் காட்டிவிடும். இன்ஜின் நின்றுவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது இரண்டு: எண்ணெய் வருகிறதா, தீப்பொறி வருகிறதா. பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுக்குள் காரணம் அகப்பட்டுவிடும்.

ஒரு மழைக்காலத்தில் செம்பனைக்கு நடுவே ஓடும் ஓடையைக் கடந்து கரை ஏறியதும் நின்றுவிட்டது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளே படிந்த ஈரத்தைச் சட்டை நுனியால் துடைத்து, திரும்ப மாட்டினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. என்ன கெட்டது, ஏன் கெட்டது, எதைச் செய்ததால் சரியானது என்று மூன்றும் எனக்குத் தெரிந்தது. எங்களைப் போன்றவர்கள் இந்த வண்டியை விடாமல் வைத்திருக்க முதல் காரணம் இதுதான், மற்ற காரணங்கள் எல்லாம் இதற்குப் பின்னால்தான் வருகின்றன.

இது ஜீப்தானே? ஏன் லேண்ட் ரோவர்னு தனியா சொல்றீங்க?

தோட்டத்தில் நாம் எல்லாவற்றையும் ஜீப் என்றே சொல்லிப் பழகிவிட்டோம், அதில் தவறு இல்லை, ஏனென்றால் இது பிறந்ததே ஒரு ஜீப்பைப் பார்த்துத்தான். ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸின் ஆங்கிள்சி தீவில் இருந்த தன் பண்ணையில் போர்க்காலத்து அமெரிக்க ஜீப் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். அது தேய்ந்துபோனால் மாற்றாக எதை வாங்குவது என்ற யோசனையில், 1947இல் அங்கே கடற்கரை மணலில் படம் வரைந்து காட்டியதுதான் தொடக்கம் என்பார்கள். 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதல் வண்டி வெளிவந்தது. 1958இல் சீரிஸ் 2, 1961இல் 2ஏ, 1971இல் சீரிஸ் 3 என்று வந்து, 1985இல் இந்த வரிசை முடிந்தது.

பண்ணைக்காரர்களை மனதில் வைத்துச் செய்த வண்டி என்பதை ஓட்டும்போது உணரலாம். உள்ளே தண்ணீர் ஊற்றிக் கழுவலாம், கதவின் மேல்பாதியைக் கழற்றி வைக்கலாம்.

பாடி அலுமினியம்னு சொல்றாங்களே, அப்ப துருவே பிடிக்காதா?

போர் முடிந்த நேரம், பிரிட்டனில் எஃகுக்குப் பங்கீடு இருந்தது, அலுமினியக் கலவை தாராளமாகக் கிடைத்தது, அதனால் வெளித் தகடுகளை அதில் செய்தார்கள். அது துருப்பிடிக்காது. ஆனால் அடியில் வண்டியையே தாங்கும் சட்டமான சேசியும், இன்ஜினுக்கும் நம் காலுக்கும் நடுவே இருக்கும் பல்க்ஹெட் சுவரும் எஃகுதான். வெளியே பளபளவென்று இருக்கும், அடியில் பிஸ்கட் மாதிரி உதிரும். அலுமினியமும் எஃகும் ஒட்டியிருக்கும் இடத்தில் ஈரம் தங்கினால் அங்கே அலுமினியமே வெள்ளைப் பொடியாக அரித்துப்போகும்.

தோட்டத்து வண்டி என்றால் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். பல வருடம் உர மூட்டை ஏற்றிய வண்டியாக இருக்கும். செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் ஒருவகை உப்பு, சிந்தினால் கடல் தண்ணீர் செய்யும் வேலையைச் செய்யும். நான் முதலில் வாங்கிய வண்டிக்கு அடியில் புதிதாகக் கறுப்புச் சாயம் அடித்திருந்தார்கள், அதைப் பராமரிப்பு என்று நம்பி வாங்கினேன். மூன்றாம் மாதம் பின்பக்கக் குறுக்குச் சட்டத்தில் ஜாக்கி வைத்தபோது ஜாக்கி உள்ளே போய்விட்டது. அப்புறம்தான் சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டி பார்க்கப் போகும் பழக்கம் வந்தது. சேசியை நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல எஃகு கணீரென்று கேட்கும், உளுத்த இடம் மந்தமாகக் கேட்கும். பின் குறுக்குச் சட்டம், சேசியிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள், ஓட்டுநர் கால் வைக்கும் பள்ளம், இந்த மூன்றையும் விடவே கூடாது.

நம்ம தோட்டத்துல துரைங்க இதுலதானே வருவாங்க? அதப் போய் நீங்க ஏன் வச்சிருக்கீங்க?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், சிலர் கொஞ்சம் கோபமாகவே கேட்பார்கள். அந்தக் கோபம் நியாயமானது. இந்த வண்டியின் சத்தம் தூரத்தில் கேட்டதும் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் குரல் மாறும், ரப்பர் பால் வெட்டுக்காரர்கள் சாலையை விட்டு ஓரமாக ஒதுங்கி நிற்பார்கள் என்று என் அப்பா சொல்லியிருக்கிறார். லேண்ட் ரோவர் பிறந்த அதே 1948இல், ஜூன் 16 அன்று, நம் பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம் மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டு, கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலம் வந்தது. 1960 வரை நீடித்த அந்தக் காலத்தில் துரைமார் இரும்புத் தகடு அடித்த வண்டிகளில் போனார்கள், நம் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி எழுந்தது. அந்த நினைவோடு சேர்ந்துதான் பெரியவர்களுக்கு இந்த வண்டியும் மனதில் நிற்கிறது.

என் அம்மாவுக்கு இதில் வேறொரு நினைவும் உண்டு. என் அண்ணன் பிறந்த இரவில் தோட்டத்து லேண்ட் ரோவரின் பின்பக்க பெஞ்சில்தான் அவரைப் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அந்த மழையில் வேறு எந்த வண்டியும் வெளியே வந்திருக்காது. நான் வாங்கி வந்த அன்று அம்மா பின்கதவைத் திறந்து, அந்த பெஞ்சில் ஏறி உட்கார்ந்து, கொஞ்ச நேரம் எதுவும் பேசாமல் இருந்தார். அப்பா ஒதுங்கி நின்று வழிவிட்ட வண்டியின் சாவி இப்போது எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது. எனக்கு இது பெரிய விஷயம்.

கியருக்குப் பக்கத்துல இன்னும் ரெண்டு குச்சி இருக்கே, எது எதுக்கு?

மஞ்சள் குமிழ் உள்ளதை அழுத்தினால் முன் சக்கரங்களுக்கும் இழுவை போகும், அதாவது வழக்கமான வேகத்தில் நாலு சக்கர ஓட்டம். சிவப்புக் குமிழ் உள்ளதை வண்டி நின்ற பிறகு பின்னால் இழுத்தால் தாழ்ந்த வரிசை. வேகம் ஏறக்குறையப் பாதியாகும், இழுவை கூடும், நாலு சக்கரமும் தானாகவே சேர்ந்துகொள்ளும். பழையபடி இரண்டு சக்கரத்துக்கு வர சிவப்பை முழுக்கப் பின்னால் இழுத்து மறுபடி முன்னால் தள்ள வேண்டும், மஞ்சள் மேலேயே நிற்கும்.

அப்ப மழை பெய்யும்போது தார் ரோட்டுலயும் நாலு சக்கரம் போட்டா பிடிப்பு நல்லா இருக்குமே?

வேண்டாம். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிகத் தூரம் உருள வேண்டும். இந்த வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே அந்த வித்தியாசத்தை ஏற்றுக்கொள்ள டிஃபரன்ஷியல் கிடையாது. சேற்றில் சக்கரம் கொஞ்சம் வழுக்கிக் கணக்கைச் சரிசெய்துகொள்ளும். தார் பிடித்துக்கொள்வதால் அந்த முறுக்கு அச்சுத்தண்டிலும் கியரிலும் ஏறும், ஸ்டீயரிங் கல்லாகிவிடும், கடைசியில் எங்காவது ஒன்று உடையும். மழை கனமாக இருந்தால் மெதுவாகப் போங்கள், அவ்வளவுதான்.

எண்ணெய் பயங்கரமா குடிக்குமே, கட்டுப்படியாகுதா?

2286 சிசி இன்ஜின், லிட்டருக்கு ஆறு கிலோமீட்டர் கிடைத்தால் நல்ல நாள். டேங்க் 45 லிட்டர், ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலேயே இருக்கிறது. அழுத்த விகிதம் குறைந்த இன்ஜின் என்பதால் சாதாரண ரோன் 95 பெட்ரோலே தாராளம், விலை கூடியதைப் போட்டு ஒரு பயனும் இல்லை. நான் வாரத்துக்கு இரண்டு நாள், பெரும்பாலும் டுரியான் தோட்டத்துக்குத்தான் எடுக்கிறேன். தினமும் ஈப்போவுக்கு வேலைக்குப் போய் வருகிறவர் இதை ஒரே வண்டியாக வைத்துக்கொள்ள முடியாது.

டீசல் வகை கொஞ்சம் சிக்கனம். ஆனால் 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் மானியம் எடுக்கப்பட்டு லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்குப் போனதிலிருந்து அந்தக் கணக்கு முன்போல் இல்லை. இன்னொன்று, 2019 முதல் நம் டீசலில் பத்து சதவீதம் செம்பனை பயோடீசல் கலந்து வருகிறது. ஐம்பது வருடத்துப் பழைய ரப்பர் குழாய்கள் அதில் ஊறிப்போய்க் கசியலாம், அதனால் டீசல் வண்டி வாங்கினால் முதல் வேலையாகக் குழாய்களை மாற்றிவிடுங்கள்.

ஏசி இல்லாம இந்த வெயில்ல எப்படி?

கண்ணாடிக்குக் கீழே இரண்டு மூடிகள் இருக்கின்றன, திறந்தால் காற்று நேராக நெஞ்சில் அடிக்கும். கேமரன் மலை ஏறும்போது ரிங்லெட் தாண்டியதும் அந்தக் குளிரே உள்ளே வந்துவிடும்.

ஸ்பேர் பார்ட்ஸ் இன்னமும் கிடைக்குதா?

பலரும் நினைப்பதைவிட நன்றாகவே கிடைக்கிறது. நமக்கு மேலே கேமரன் மலையில் காய்கறித் தோட்டக்காரர்கள் இன்றும் பழைய லேண்ட் ரோவரில்தான் முட்டைக்கோஸ் இறக்குகிறார்கள், அதனால் அங்கே இதைத் தெரிந்த பட்டறைகளும் கழற்றி விற்கும் சாமான்களும் உண்டு. பிரேக் ரப்பர், பேரிங், சீல், பிளேட்டு வில் மாதிரியானவற்றை வெளிநாட்டில் இன்னும் புதிதாகவே செய்கிறார்கள், தருவித்துக்கொள்ளலாம். சீரிஸ் 2இன் பல பாகங்கள் சீரிஸ் 3க்கும் பொருந்தும், இது பெரிய வசதி. வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்குங்கள்.

அந்தப் பழைய இன்ஜினைத் தூக்கிப் போட்டுட்டு ஹாஃப்-கட் இன்ஜின் மாட்டினா தலைவலி இல்லையே அங்கிள்?

ஹாஃப்-கட் என்றால் வெளிநாட்டிலிருந்து பாதியாக வெட்டி இறக்கிய பழைய வண்டியின் இன்ஜின். நிறையப் பேர் செய்கிறார்கள், மலையில் ஓடும் வண்டிகள் பலவற்றில் ஜப்பானிய டீசல் இன்ஜின்தான் இருக்கும். சுமை ஏற்றிப் பிழைக்கிறவர்களுக்கு அது சரி. ஆனால் இன்ஜின் எண் வண்டியின் பதிவுப் பத்திரமான கிராண்டில் பதிவாகியிருக்க வேண்டும், சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே அனுமதி வாங்காமல் மாற்றினால் விற்கும் நாளில் மாட்டிக்கொள்வீர்கள். பலமான இன்ஜினைப் போட்டால் பழைய கியர்பாக்ஸும் பின் அச்சுத்தண்டும் தாங்க வேண்டும், அதையும் மாற்றினால் பிரேக்கை மாற்ற வேண்டும், இப்படியே நீளும். முதல் பதிலில் சொன்னேனே, எல்லாம் தெரிகிற, எல்லாம் புரிகிற வண்டி என்று. அதற்காக வாங்குகிறவர் பழைய இன்ஜினையே ஒழுங்காகப் பிரித்துக் கட்டுவது நல்லது.

என்கிட்ட அவ்வளவு காசு இல்ல, சுசுகி சின்ன ஜீப் வாங்கலாமா?

தயங்காமல் வாங்குங்கள். எஸ்ஜே410 வெறும் 970 சிசி, ஒரு டன்னுக்கும் குறைவான எடை. அந்த லேசுதான் அதன் பலம். என் வண்டி புதைகிற சேற்றில் அது மேலேயே மிதந்து போவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். அதிலும் தனிச் சேசி, பிளேட்டு வில், கையால் போடும் நாலு சக்கர ஓட்டம், எல்லாம் உண்டு. சாலை வரியும் குறைவு. துருவைப் பற்றி மேலே சொன்னது இதற்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும், ஏனென்றால் இதன் வெளித்தகடும் எஃகு.

புது வண்டியில எல்லாத்தையும் கம்ப்யூட்டரே பாத்துக்குது. அதுதானே பாதுகாப்பு?

ஆமாம், பாதுகாப்பு என்று கேட்டால் புது வண்டிதான், இதில் எனக்கு மாற்றுப் பேச்சே இல்லை. என்னுடையதில் காற்றுப்பை இல்லை, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக் இல்லை, நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். ஓடையைக் கடந்ததும் டிரம்முக்குள் தண்ணீர் நிற்கும், முதல் மிதியில் வண்டி நிற்காது. கொஞ்ச தூரம் பிரேக்கை லேசாக மிதித்தபடியே ஓட்டிக் காய வைக்க வேண்டும். நெடுஞ்சாலையில் 80க்கு மேல் நான் போவதில்லை, முன்னால் போகும் வண்டிக்கும் எனக்கும் இடைவெளி மற்றவர்கள் விடுவதைவிட இரண்டு மடங்கு. என் பேத்தியைத் தூரப் பயணத்துக்கு இதில் ஏற்றமாட்டேன், வீட்டில் அதற்கு வேறு கார் இருக்கிறது.

ஆனால் இந்த வண்டி ஓட்டுநரைக் கவனமாக இருக்க வைக்கிறது. சாலையில் என்ன நடக்கிறது என்பது ஸ்டீயரிங் வழியாக உள்ளங்கைக்கு வந்துவிடும், இன்ஜின் சத்தத்தில் சின்ன மாற்றம் வந்தாலும் காது பிடித்துக்கொள்ளும். அப்படி ஓட்டுவதில் ஒரு தனி இன்பம் இருக்கிறது.

நம்பித் தூரமா போகலாமா?

1955 செப்டம்பரில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்கள் ஆறு பேர் இரண்டு சீரிஸ் 1 வண்டிகளில் லண்டனிலிருந்து கிளம்பி, 1956 மார்ச்சில் நம் மலாயா வழியாகச் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தார்கள். அந்த வண்டிகளில் ஒன்று 2019இல் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குத் திரும்பவும் ஓடியது. போகலாம், அவசரம் இருக்கக்கூடாது. தீப்பொறிக்கு வேண்டிய பாயிண்ட், கண்டன்சர், பிளக், அப்புறம் ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் குழாய், பத்து லிட்டர் தண்ணீர், இவை இல்லாமல் நான் தானா ராத்தாவுக்குக்கூட ஏறுவதில்லை.

பேட்டரி செத்துப்போனா கையால சுத்தி ஸ்டார்ட் பண்ணலாமாமே, நெசமா?

நிஜம். முன் பம்பரில் ஓட்டை இருக்கிறது, கைப்பிடியை அதில் நுழைத்துச் சுற்றலாம். ஒன்றே ஒன்றை மறக்கக்கூடாது: கட்டைவிரலைக் கைப்பிடியைச் சுற்றிப் பிடிக்காமல், மற்ற விரல்கள் இருக்கும் பக்கமே வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைத்தால் கட்டைவிரல் முறிந்துவிடும். கீழிருந்து மேலே இழுங்கள், மேலிருந்து கீழே அழுத்தாதீர்கள்.

காட்டுக்குள்ள போய் மாட்டிக்கிட்டா என்ன செய்வீங்க?

முதலில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட வேண்டும். சக்கரம் சுற்றச் சுற்றக் குழி ஆழமாகும், வண்டி வயிற்றில் உட்கார்ந்துவிடும். இறங்கி நடந்து பாருங்கள், சக்கரத்தின் முன்னால் தோண்டி செம்பனை மட்டையைப் போடுங்கள், டயர் காற்றைக் கொஞ்சம் குறையுங்கள், அப்புறம் மேலே சொன்ன சிவப்புக் குமிழ், இரண்டாவது கியர், மெதுவாக. மரத்தில் கட்டி இழுப்பதானால் அகலப் பட்டையைத்தான் கட்ட வேண்டும், வெறும் கம்பி மரப்பட்டையை அறுத்து மரத்தையே கொன்றுவிடும்.

போவதற்கு முன்பே கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுங்கள். காப்புக் காட்டுக்குள் நுழைய 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி வனத்துறை அனுமதி வேண்டும். தோட்டச் சாலை என்றால் தோட்ட அலுவலகத்தில் சொல்ல வேண்டும். பூர்வகுடி மக்களின் கம்பத்துக்கு நடுவே போகும் மண்சாலை அவர்கள் நடக்கும் பாதை, அதை மழை நாளில் சேற்றுக் குழம்பாக்கிவிட்டு நாம் வீடு திரும்புவது பெரிய பாவம். மழை விட்டு இரண்டு நாள் பொறுத்தால் போதும்.

வாங்கும்போது பேப்பர்ல என்ன பார்க்கணும்?

கிராண்டில் உள்ள சேசி எண், இன்ஜின் எண் இரண்டும் வண்டியில் பொறித்திருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். பெயர் மாற்றத்துக்குப் பரிசோதனை நிலையத்தில் பி5 சோதனை உண்டு, எண் பொருந்தாவிட்டால் அங்கேயே நின்றுபோகும். காப்புறுதி பல நிறுவனங்களில் மூன்றாம் தரப்புக்கு மட்டும்தான் கிடைக்கும், அதை முன்கூட்டியே விசாரியுங்கள். கிராண்ட் இல்லாத வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

எனக்கு ஸ்பேனரே பிடிக்கத் தெரியாது. எனக்கெல்லாம் இது சரிப்படுமா அண்ணே?

கற்றுக்கொள்ளும் ஆசை இருந்தால் சரிப்படும். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் தோட்டத்துப் பட்டறையில் முப்பது வருடம் ஃபோர்மேனாக இருந்த பெரியவர். முதல் நாள் என் கையில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் ஒன்றைக் கொடுத்து, பாயிண்ட் இடைவெளி 0.35இலிருந்து 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு விரலால் உணர்ந்து வை என்றார். மூன்று வாரம் அது ஒன்றையே செய்தேன். ஒரு தகவல்: வீட்டில் இருக்கும் மில்லிமீட்டர் ஸ்பேனர் இதில் பெரும்பாலான இடத்துக்கு உதவாது. அரை அங்குலம், ஏழு பதினாறு, ஒன்பது பதினாறு என்று அங்குல அளவில் ஒரு செட் வாங்குங்கள், தவறான அளவைப் போட்டு நட்டின் முனையை மழுக்கிவிடாதீர்கள். அவரைப் போன்ற பெரியவர்கள் இந்த ஊரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள், அவர்கள் இருக்கும்போதே போய்ப் பக்கத்தில் நில்லுங்கள்.

ஏன் இன்னும் பெயிண்ட் அடிக்காம வச்சிருக்கீங்க? அடிச்சா ஜம்முனு இருக்குமே?

அடிக்கத்தான் தொடங்கினேன். சேசியை முழுக்கச் சுரண்டித் துரு எதிர்ப்புச் சாயம் அடித்துவிட்டேன், அதைத் தள்ளிப்போடக்கூடாது. அப்புறம் இடது கதவில் நீர்த்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பச்சைக்கு அடியிலிருந்து வெள்ளை எழுத்து வந்தது, தூரிகையால் கையாலேயே எழுதியது. இன்னும் தேய்த்ததும் முழுதாகத் தெரிந்தது, எங்கள் தோட்டத்தின் பெயர். அந்த லயங்கள் இடிக்கப்பட்டு, செம்பனையும் வெட்டப்பட்டு, இப்போது அங்கே வீடமைப்புத் தாமான் இருக்கிறது, பெயர்ப் பலகைகூட இல்லை. அந்த எழுத்தை எழுதிய பெயிண்டர் கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் அதைக் கொஞ்சம் ஒடுக்கி எழுதியிருந்தார். தேய்ப்பதை அங்கேயே நிறுத்தி, கதவின் மேல் நிறமில்லாத மெருகு மட்டும் இரண்டு கை பூசிவிட்டேன்.